தண்டுவடக் காயமும் மீட்சிக் கணிப்பும்: 48 மணி நேரத்திற்கும் 72 மணி நேரத்திற்கும் இடையே

ஆய்வுச்சுருக்கம்

விபத்தில் முதுகுத் தண்டுவடம் காயமுற்ற ஒருவர் மீண்டும் நடப்பாரா என்னும் வினாவுக்கு இன்றைய மருத்துவம் நிகழ்தகவு அடிப்படையில் விடை கூற இயலும். அவ்விடை முதன்மையாகச் சார்ந்திருப்பது விலையுயர்ந்த படக்கருவியை அன்று; காயம் நேர்ந்து ஏறத்தாழ 72 மணி நேரத்தில், குண்டூசியும் பஞ்சும் பரிசோதிப்பவரின் விரலும் கொண்டு செய்யப்படும் நரம்பியல் பரிசோதனையையே ஆகும். தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கு உள்ளானோருக்கு அரசு வழங்கும் கட்டணமில்லாச் சிகிச்சை முதல் 48 மணி நேரத்திற்கு உரியது. கணிப்புக்கு அடிப்படையான பரிசோதனை, நோயாளி ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறக்கூடிய இவ்விடைவெளியைத் தாண்டி வருகிறது. அப்பரிசோதனையின் இயல்பு, அதில் தமிழ்ச் சொற்களால் நேரும் இடர்ப்பாடு, ஐரோப்பியக் கணிப்பு விதிகள் இங்குப் பொருந்தும் அளவு ஆகியவற்றை இரும்புலியூர்ப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தண்டுவடக் காயம், மீட்சிக் கணிப்பு, ஆசியா அளவுகோல், மறுவாழ்வு மருத்துவம், இரும்புலியூர்

முன்னுரை

தாம்பரத்திற்கும் பெருங்களத்தூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் இரும்புலியூர். 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதி இது. மதுரவாயல் வழியாக மாதவரம் வரை 32 கிலோமீட்டர் நீளும் சென்னைப் புறவழிச்சாலை இவ்வட்டாரத்திலேயே ஜி.எஸ்.டி. சாலையுடன் கூடுகிறது. சாலைக்கு இணையாக இருப்புப்பாதை செல்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வரும் பேருந்துகளும், நகருக்குள் நுழையாமல் வடக்கே திரும்பும் சரக்கு லாரிகளும், பணிக்குச் செல்லும் இருசக்கர வாகனங்களும், சாலையைக் கடந்து மறுபக்கம் செல்ல வேண்டிய பாதசாரிகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஊர்களுள் இதுவும் ஒன்று.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டின் முதலிடம் தமிழ்நாட்டுக்கு உரியதாயிற்று. இப்புள்ளிவிவரம் காயமுற்றோரைக் கொடுங்காயம், சிறுகாயம் என்று மட்டுமே பிரிக்கிறது. கை எலும்பு முறிந்தவரும் கழுத்துக்குக் கீழ் அசைவற்றுப் போனவரும் கொடுங்காயம் என்னும் ஒரே நிரலில் அடங்கிவிடுகின்றனர். சாலை விபத்தைப் போலவே உயரத்திலிருந்து விழுதலும் இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்குப் பெருங்காரணமாக உள்ளது. கட்டடச் சாரம், தென்னை, பனை, கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைமாடி ஆகியவை தமிழ்நாட்டில் இதற்கு வழக்கமான களங்கள்.

காயமுற்றவர் எவ்வாறு வந்து சேர்ந்தாலும் உறவினர் முதலில் கேட்பது, "எழுந்து நடந்துடுவாரா, டாக்டர்?" என்பதே. நிலத்தை விற்பதா, வேலையை விட்டுவிட்டு உடன் இருப்பதா, வீட்டின் தரைத்தளத்திற்குக் குடிபெயர்வதா என்னும் முடிவுகள் இவ்வினாவின் விடையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. விடை அவசரமாகச் சொல்லப்படும்போது இருவகைப் பிழை நேர்கிறது. மீளக்கூடியவர் கைவிடப்படுகிறார், அல்லது மீள வாய்ப்பற்ற கால்களுக்காகக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் கரைகிறது.

எலும்பும் தண்டுவடமும்

"முதுகெலும்பு ஒடிந்துவிட்டது" என்னும் வழக்கு இரு வேறு நிகழ்வுகளை ஒன்றாக்கிவிடுகிறது. எலும்பு முறிந்தும் தண்டுவடம் நலமாக இருக்கலாம். முதியோருக்கு எலும்பு முறியாமலே தண்டுவடம் நசுங்கலாம். தண்டுவடம் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் சுண்டுவிரலளவு பருமனும் கொண்ட மென்மையான நரம்புத் திரள். விபத்தில் அது கயிறுபோல இரண்டாக அறுந்துபோவது அரிது. பெரும்பாலும் நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் இரத்தம் கசிந்து, வீங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, முதல் அடியில் தப்பிய நரம்பிழைகளும் அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் மடிகின்றன. இதனை இரண்டாம்நிலைக் காயம் என்பர். விபத்திடத்தில் கழுத்தும் முதுகும் அசையாதவாறு பலகையில் கிடத்தித் தூக்குவதும், நசுக்கும் எலும்பை இயன்றால் 24 மணி நேரத்திற்குள் அறுவையால் விலக்குவதும், இரத்த அழுத்தம் தாழாமல் காப்பதும் இந்த இரண்டாவது இழப்பைக் குறைக்கும் நோக்கமுடையவை.

முறிந்த எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். உலோகத் தண்டும் திருகும் பொருத்திய எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கண்டு "எலும்பு சேர்ந்துவிட்டது, இனி நடப்பார்" என்று குடும்பத்தார் எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் அப்படம் முதுகு நிலையாக நிற்பதை மட்டுமே காட்டுகிறது. நரம்பின் நிலையைக் காட்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. படம் ஓரளவு உதவும். தண்டுவடத்தினுள் இரத்தக்கசிவு காணப்பட்டால் மீட்சி வாய்ப்புக் குறைவு. வீக்கம் மட்டும் இருப்பின் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். எனினும் இப்படம் பரிசோதனைக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

ஆசியா அளவுகோலும் கடைக்கோடி நரம்புகளும்

தண்டுவடக் காயத்தின் விளைவை முன்னுரைக்கும் முயற்சி மிகப் பழமையானது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் படியெடுக்கப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரசு என்னும் எகிப்திய மருத்துவச் சுவடி, கழுத்து முள்ளெலும்பு விலகிக் கைகால்களின் உணர்வு அற்றுப்போன நிலையைச் சிகிச்சைக்கு உட்படாதவற்றுள் சேர்க்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நிலைமை பெரிதும் மாறவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் லுட்விக் குட்மன் தண்டுவடக் காயத்துக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கியபின், நோயாளிகள் பிழைத்து நெடுநாள் வாழத் தொடங்கினர். பிழைத்து வாழ்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பின்னரே யார் மீள்கிறார், யார் மீள்வதில்லை என்னும் வினாவை எண்ணிக்கையால் அணுக முடிந்தது. அங்கிருந்துதான் ஃபிராங்கெல் குழுவினரின் ஐந்துபடி வகைப்பாடு 1969-இல் வெளிவந்தது.

அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் 1982-இல் தன் தரநிலையை வெளியிட்டது. 1992-இல் ஃபிராங்கெல் வகைப்பாட்டைத் திருத்தி இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோலை அமைத்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'ஆசியா' என்று ஒலிப்பதால் அளவுகோலும் அப்பெயர் பெற்றது. ஆசியக் கண்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை; அளவுகோலின் அடிப்படைத் தரவுகளில் ஆசியக் கண்டத்தாரின் பங்கும் மிகச் சிறிதே.

பரிசோதனையின் வடிவம் எளிமையானது. உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்துத் தசைகளின் வலிமை 0 முதல் 5 வரை மதிப்பிடப்படும். மொத்தம் 100 மதிப்பெண். ஒவ்வொரு பக்கத்திலும் 28 தோற்பகுதிகளில் மென்தொடுகையும் குண்டூசிக் குத்தும் 0 முதல் 2 வரை தனித்தனியே மதிப்பிடப்படும். ஒவ்வொன்றுக்கும் 112 மதிப்பெண். ஆனால் நோயாளியின் படிநிலையைத் தீர்மானிப்பதில் தலைமையிடம் வகிப்பது தண்டுவடத்தின் கடைக்கோடியான எஸ்4–5 நரம்புகளே. ஆசனவாயைச் சுற்றிய தோலில் தொடுகையோ குத்தோ உணரப்படுகிறதா, உள்ளே விரலால் அழுத்துவது தெரிகிறதா, நோயாளி தம் விருப்பப்படி அத்தசையைச் சுருக்க இயலுகிறதா என்பவை சோதிக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்றும் இல்லையெனில் படிநிலை ஏ. அங்கு உணர்வு மட்டும் இருந்து காயத்துக்குக் கீழே அசைவு இல்லையெனில் பி. அசைவு இருந்தும் காயத்துக்குக் கீழுள்ள முதன்மைத் தசைகளில் பாதிக்கும் மேற்பட்டவை புவியீர்ப்பை எதிர்த்து இயங்கும் வலிமை அற்றிருந்தால் சி; பாதியேனும் அவ்வலிமை பெற்றிருந்தால் டி. காயத்தால் நேர்ந்த குறைபாடுகள் முற்றிலும் நீங்கிய நிலை ஈ.

காலில் யாதோர் அசைவும் இல்லாத இருவருள் ஒருவருக்கு ஆசனவாய் அருகே மெல்லிய உணர்வு இருப்பின், இருவரின் எதிர்காலமும் வேறுவேறாகிவிடுகின்றன. காயப்பட்ட இடத்தின் வழியே சில இழைகளேனும் கடைசிவரை செய்தி கடத்துகின்றன என்பதற்கு அவ்வுணர்வே சான்று. தண்டுவட முடக்கத்துக்கான சிகிச்சை ஆய்வுகளை வகுப்பதற்கெனப் பன்னாட்டு வல்லுநர் குழு 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தொடக்கத்தில் ஏ நிலையில் இருப்போருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் ஏ நிலையிலேயே இருக்கின்றனர். ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் பி நிலைக்கும், மற்றுமொரு 10 விழுக்காட்டினர் சி நிலைக்கும் உயர்கின்றனர். பி நிலையில் இருப்போருள் 15 முதல் 40 விழுக்காட்டினர் சி நிலையையும், 40 விழுக்காடு வரையிலானோர் டி நிலையையும் எட்டுகின்றனர். சி நிலையினருள் 60 முதல் 80 விழுக்காட்டினர் டி நிலைக்கு உயர்கின்றனர். டி நிலையில் தொடங்குவோருள் மிகப் பெரும்பாலோர் நடக்கின்றனர்.

இத்துணைப் பொருள் பொதிந்த பரிசோதனை நடைமுறையில் எளிதில் விடுபட்டுப் போகக்கூடியது. நெரிசலான விபத்துப் பிரிவில் திரை மறைவு அமைவது அரிது. நோயாளி பெண்ணாயின் பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டும். கூச்சம் நோயாளிக்கு மட்டுமன்றி இளம் மருத்துவருக்கும் உண்டு. முதுகை அசைக்கலாகாது என்னும் அச்சமும் சேர்ந்துகொள்ள, கால்விரல் அசையவில்லை என்னும் குறிப்பே போதுமென விடப்படலாம். அவ்வாறு விடப்பட்ட தாளில் ஏ என்று எழுதப்பட்டிருப்பின் அது பரிசோதனை முடிவு அன்று, ஊகமே.

தமிழாக்கத்திலும் கவனம் வேண்டும். ஏ நிலையைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல்லை 'முழுமையான காயம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது, தண்டுவடம் முற்றிலும் அறுந்துவிட்டது என்றே கேட்போர் கொள்வர். அளவுகோல் கூறுவது அதுவன்று. கடைக்கோடியில் இந்நாளில் உணர்வும் இயக்கமும் கண்டறியப்படவில்லை என்பதே அதன் பொருள். 'கடைக்கோடி உணர்வற்ற நிலை', 'கடைக்கோடி உணர்வு எஞ்சிய நிலை' என்னும் தொடர்கள் நீளமாயினும் பிழையான படிமத்தைத் தோற்றுவிப்பதில்லை.

'தெரியுது' என்னும் விடை

குண்டூசிச் சோதனைக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1991-இல் குரோசியர் குழுவினர் வெளியிட்ட சிறு ஆய்வில், காயத்துக்குக் கீழே உணர்வு மட்டும் இருந்து அசைவு இல்லாத 27 நோயாளிகள் இடம்பெற்றனர். தொடுகையை மட்டும் உணர்ந்த 18 பேருள் 2 பேர் மீண்டும் நடந்தனர். தொடுகையோடு குத்தையும் உணர்ந்த 9 பேருள் 8 பேர் நடந்தனர். எண்ணிக்கை சிறிதாயினும் வேறுபாடு பெரிது. இதற்குத் தரப்படும் உடற்கூற்று விளக்கம் பின்வருமாறு: தொடுகையை மூளைக்குக் கொண்டுசெல்லும் இழைகளுள் பெரும்பகுதி தண்டுவடத்தின் பின்புறத்தில் உள்ளது. குத்தும் வலியைக் கொண்டுசெல்லும் இழைகள், தசைகளுக்கு ஆணை கொண்டுவரும் இழைகளுக்கு அருகே பக்கவாட்டில் உள்ளன. ஆகவே குத்து உணரப்படுமாயின், அதன் அண்டையில் உள்ள இயக்க இழைகளும் தப்பியிருக்கும் வாய்ப்பு மிகுதி.

தமிழில் இச்சோதனை எவ்வாறு நடக்கிறது என்பது ஆராயத்தக்கது. மருத்துவர் ஊசியை வைத்து "தெரியுதா?" என்று கேட்கிறார், நோயாளி "தெரியுது" என்கிறார். இவ்விடை எதைக் குறிக்கிறது? ஊசிமுனையின் கூர்மையை உணர்ந்தவரும், ஏதோ ஒன்று படுவதை மட்டும் உணர்ந்தவரும், மருத்துவரின் கை நகர்வதைக் கண்ணால் கண்டவரும் இதே சொல்லைக் கூற இயலும். பன்னாட்டுத் தரநிலையோ, கூர்முனையையும் மழுங்கிய முனையையும் வேறுபடுத்திச் சொல்ல இயலாதவருக்கு, படுவது தெரிந்தாலும் சுழியம் என்றே மதிப்பெண் இடப் பணிக்கிறது. முகத்தில் முதலில் குத்திக் காட்டி, அதனோடு ஒப்பிட்டுச் சொல்லுமாறு கேட்க வேண்டும் என்கிறது. ஆகவே "தெரியுதா?" என்னும் வினா இங்கு உதவாது. கண்ணை மூடச் செய்து, கூர்முனையையும் மழுங்கிய முனையையும் மாறிமாறி வைத்து, "குத்துதா, சும்மா படுதா?" என்று கேட்பதே பொருத்தம். 'குத்துது', 'படுது', 'ஒண்ணும் தெரியல' என்னும் மூன்று விடைகளைத் தமிழ் தெளிவாகப் பிரித்துத் தருகிறது. 'மரத்துப் போச்சு' என்பது நான்காவது விடை. இதனை உணர்வே இல்லாத இடத்துக்கும் உணர்வு மாறுபட்ட இடத்துக்கும் மக்கள் ஒருசேர வழங்குகின்றனர். தரநிலையில் முன்னது சுழியம், பின்னது ஒன்று. ஆதலால் 'மரத்துப் போச்சு' என்றவரிடம் மீண்டும் ஒருமுறை முகத்தோடு ஒப்பிட்டுக் கேட்காமல் மதிப்பெண் இடலாகாது. தமிழில் மருத்துவம் கற்பித்தல் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. நோயாளியின் வாய்ச்சொல்லை மதிப்பெண்ணாக மாற்றும் இந்தச் சிறு இடம் அவற்றுள் போதிய கவனம் பெறவில்லை.

ஏன் 72 மணி நேரம்

காயம் நேர்ந்தவுடன் காயத்துக்குக் கீழே தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்கள் ஒடுங்கிவிடுவதுண்டு. இதனைத் தண்டுவட அதிர்ச்சி என்பர். அந்நிலையில் அசைவின்மை எவ்வளவு நிலையானது எனப் பிரித்தறிவது கடினம். விபத்தில் தலையிலும் அடிபட்டிருக்கலாம். வலிநீக்க மருந்தோ மதுவோ உடலில் இருக்கலாம். மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டு நோயாளி பேச இயலாதிருக்கலாம். முதல் நாள் பரிசோதனை சிகிச்சையை வழிநடத்த இன்றியமையாதது. எனினும் வருங்காலத்தை உரைக்க, ஏறத்தாழ 72 மணி நேரத்தில் செய்யப்படும் பரிசோதனை கூடுதல் நம்பகமுடையது எனக் கொள்ளப்படுகிறது. முதல் நாளில் ஏ என மதிப்பிடப்பட்டு மூன்றாம் நாளில் பி எனக் காணப்பட்டவருக்கு மூன்று நாளில் நரம்பு வளர்ந்துவிடவில்லை. முன்பு மறைந்திருந்தது இப்போது வெளிப்பட்டிருக்கிறது.

தானே நிகழும் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்கிறது. அதன்பின் வேகம் குறைந்து ஒன்றரை ஆண்டு வரையிலும் அதற்கு அப்பாலும் சிறிது தொடரலாம். இவ்வுண்மையை அறியாத குடும்பம், அம்மூன்று மாதங்களில் மேற்கொண்ட எதுவாயினும், எண்ணெய்க்கட்டு ஆனாலும் பெருந்தொகை கொடுத்துப் போட்ட குருத்தணு ஊசி ஆனாலும், அதுவே கால்விரலை அசைத்தது என நம்புகிறது. தண்டுவடக் காயத்துக்குக் குருத்தணு ஊசியை வணிகமுறையில் அளிப்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இடம் தரவில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வின் பகுதியாக மட்டுமே அதற்கு இசைவு உண்டு. மூன்றாம் நாள் மதிப்பெண் தாள் கையில் இருப்பின், எந்த அளவு மீட்சி எவ்வாறாயினும் எதிர்பார்க்கத்தக்கது என்பதைக் குடும்பம் அறிந்துகொள்ளும். பணம் செலவாகும் முன் கிடைக்கவேண்டிய தகவல் இது.

48 மணி நேரமும் அதற்குப் பின்னும்

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி 2008-இல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊரினர், எந்த நாட்டினர், காப்பீடு உடையவரா என்னும் வேறுபாடின்றி, திட்டத்தில் இணைந்த அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவு உச்சவரம்பாக அறிவிக்கப்பட்டது. மேல்மருவத்தூர் ஜி.எஸ்.டி. சாலையிலேயே உள்ள ஊர். திட்டம் தொடங்கிய இடமும் இரும்புலியூரும் ஒரே நெடுஞ்சாலையின் இரு புள்ளிகள்.

உயிர்காத்தல் என்னும் நோக்கில் இத்திட்டத்தின் மதிப்பு ஐயத்துக்கு இடமற்றது. பணம் கட்டும் வரை காத்திருக்கும் நேரத்தை நீக்குவதால், தண்டுவட நசுக்கத்தை விரைந்து விலக்கும் அறுவைக்கும் அது வழிதருகிறது. ஆனால் 48 மணி நேரம் முடிந்ததும் நோயாளியின் வழி பிரிகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவருக்குச் சிகிச்சை அதன்வழித் தொடரலாம். ஏனையோர் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படலாம், அல்லது தம் செலவில் தொடரலாம். இரும்புலியூரில் அடிபட்டவர் முதலில் அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பின், அங்கிருந்து வடக்கே சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ, தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்ல நேரிடலாம். இரண்டும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை.

72 மணி நேரப் பரிசோதனை இந்த இடமாற்றத்தின் மறுபுறத்தில் விழுகிறது. முதல் மருத்துவமனையின் மருத்துவர் நோயாளியை அனுப்பிவிட்டார். இரண்டாம் மருத்துவமனையின் மருத்துவர் 'கால்கள் செயலிழப்பு' எனும் வரியுடன் ஒரு நோயாளியைப் பெறுகிறார். அவர்முன் தீவிரச் சிகிச்சை, மூச்சு, தொற்று என உடனடிக் கவலைகள் உள்ளன. முதல் நாள் மதிப்பெண் தாள் உடன் வராவிட்டால் மூன்றாம் நாள் மதிப்பெண்ணுக்கு ஒப்பீடு இல்லை. ஏ நிலையில் தொடங்கி பி நிலைக்கு வந்தவரும், பி நிலையிலிருந்து தாழ்ந்து ஏ நிலைக்குச் சென்றவரும் வேறுபாடின்றித் தோன்றுவர். பின்னவருக்கோ உடனடி எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். பன்னாட்டுத் தரநிலையின் பதிவுத்தாள் ஒரே பக்கம் கொண்டது, கட்டணமின்றிக் கிடைப்பது. 48 மணி நேரத் திட்டத்தின் இடமாற்ற ஆவணங்களுடன் அதனை இணைத்தல் கட்டாயமாக்கப்பட்டால், கூடுதல் கருவியோ செலவோ இன்றி இக்குறை நீங்கும்.

ஐரோப்பிய விதியும் அதன் எல்லையும்

மதிப்பெண்களிலிருந்து நடக்கும் வாய்ப்பைக் கணிக்கும் விதிகளுள் பெரிதும் அறியப்பட்டது, வான் மிடெண்டார்ப் குழுவினர் 2011-இல் லான்செட் இதழில் வெளியிட்டதாகும். 19 ஐரோப்பிய மையங்களில் 2001 முதல் 2008 வரை திரட்டப்பட்ட தரவு அதன் அடிப்படை. காயம் நேர்ந்து 15 நாட்களுக்குள் செய்த பரிசோதனையிலிருந்து ஐந்து செய்திகளை மட்டும் விதி எடுத்துக்கொள்கிறது. முழங்காலை நீட்டும் தசையின் வலிமை, குதிகாலை உயர்த்தும் கெண்டைத்தசையின் வலிமை ஆகியவற்றின் மதிப்பெண்கள் இரண்டால் பெருக்கப்படும். அவ்விரு நரம்புகளுக்கு உரிய தோற்பகுதிகளின் தொடுகை மதிப்பெண்கள் ஐந்தால் பெருக்கப்படும். இருபக்கத்தில் எது மேலானதோ அதுவே கணக்கில் கொள்ளப்படும். வயது 65 அல்லது அதற்கு மேலாயின் 10 கழிக்கப்படும். மொத்தம் −10 முதல் 40 வரை அமையும். எடுத்துக்காட்டாக, முப்பது வயதுடைய ஒருவருக்கு முழங்கால் வலிமை 2, கெண்டைத்தசை வலிமை 1, தொடுகை முறையே 2, 1 எனின், 4 + 2 + 10 + 5 = 21. அவர் ஓராண்டில் வீட்டினுள் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு மிகுதி. எல்லாம் சுழியமாயின் வாய்ப்பு மிகக் குறைவு, எனினும் சுழியமன்று.

விதியின் பிரித்தறியும் திறன் 1-க்கு 0.956 எனக் கணக்கிடப்பட்டது. வியப்பூட்டும் இவ்வெண்ணைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். பதிவான 1,442 நோயாளிகளுள் ஓராண்டு விளைவு கிடைத்தவர்கள் 492 பேரே. விதி அவர்களைக் கொண்டே அமைந்தது. மேலும் ஏ நிலையினர் பெரும்பாலும் நடப்பதில்லை, டி நிலையினர் பெரும்பாலும் நடக்கின்றனர் என்பது விதி இல்லாமலே தெரிந்த செய்தி. இவ்விரு கோடிகளும் கணக்கில் மிகுந்திருக்கும்போது மொத்தத் துல்லியம் உயர்ந்து காணப்படும். உண்மையில் ஐயத்துக்கு உரிய பி, சி நிலையினரிடம் விதியின் துல்லியம் கணிசமாகக் குறைவதை ஃபான் குழுவினர் 2019-இல் சுட்டினர். யாருக்குக் கணிப்பு மிகவும் தேவையோ அவர்களிடமே அது தளர்கிறது.

இங்குள்ள வாசகர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. விதி கணிக்கும் 'நடத்தல்' என்பது வீட்டினுள், ஊன்றுகோலோ தாங்கியோ கொண்டேனும், பிறர் பிடிக்காமல் நடப்பதாகும். ஐரோப்பிய வீட்டின் சமதளத்தை மனத்தில் கொண்ட அளவை அது. உயர்ந்த வாசற்படியும், மாடிக்குச் செல்லும் குறுகிய படிக்கட்டும், குந்தி அமரும் கழிப்பறையும் உள்ள வீட்டுக்கு அதே மதிப்பெண் அதே விளைவைத் தருமா என்பதை விதி சொல்லாது. அதன் மையங்களில் இருந்தவர்கள் சிறப்பு மறுவாழ்வுப் பிரிவுகளில் சிகிச்சை பெற்றவர்கள். தசை திரும்பிவந்தும், படுக்கைப்புண்ணால் மாதக்கணக்கில் கவிழ்ந்து கிடந்து முழங்கால் மடங்கி இறுகிப்போனவரை விதியின் கணக்கு முன்னறிந்திருக்காது.

வேலூரும் ஆய்க்குடியும்

தமிழ்நாட்டில் தண்டுவடக் காயத்துக்குப் பிந்திய வாழ்வு குறித்த வரலாறு ஒரு நோயாளியிலிருந்தே தொடங்குகிறது எனலாம். கொச்சியில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் அவர்தம் தண்டுவடம் காயமுற்றுக் கால்கள் செயலிழந்தன, அவை மீளவில்லை. தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவையில் புகழ்பெற்றிருந்த பால் பிராண்ட், அவ்வறுவைகளை அமர்ந்தவாறே செய்ய இயலும் என்று அவருக்கு எடுத்துக்காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்து அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கின் நிறுவனத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். 1966-இல் அங்கு உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார்.

1975 ஜனவரியில், கோவையில் பொறியியல் பயின்றுவந்த எஸ். இராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரி தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தமிழ்நாட்டின் இளையோர் மகளிர் கிரிக்கெட் அணித்தலைவராயிருந்த பிரீத்தி சீனிவாசன் 1998-இல் புதுச்சேரிக் கடற்கரையில் காயமுற்றுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ அமைப்பைத் தொடங்கித் தண்டுவடக் காயமுற்றோருக்காகப் பணியாற்றி வருகிறார்.

இம்மூவருக்கும் நடத்தல் திரும்பவில்லை. இவர்களை அருஞ்செயல் புரிந்தோர் என்று மட்டும் போற்றிக் கடப்பது, அவர்கள் நெடுங்காலம் உயிரோடும் உழைக்கும் நிலையிலும் இருந்ததன் மருத்துவக் காரணத்தை மறைத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைப் புரட்டிப் படுக்கவைத்தல், தோலை நாள்தோறும் பார்த்தல், சிறுநீரை முறையாக வெளியேற்றுதல் ஆகியவையே அக்காரணங்கள். மூன்றாவது பற்றி ஒரு குறிப்பு. தொடர்ந்து உள்ளே இருத்தப்படும் குழாய்க்கு மாறாக, தூய்மையான சிறுகுழாயைக் குறித்த நேரங்களில் செலுத்தி எடுக்கும் முறையை அமெரிக்காவின் ஜாக் லாப்பிடஸ் 1972-இல் முன்வைத்தார். அதற்குத் தீவிரச் சிகிச்சைப் பிரிவோ நிபுணரோ தேவையில்லை. கழுவிய கைகளும், கற்றுக்கொடுக்க ஒருவரும் போதும். சிறுநீரகச் செயலிழப்பு, தண்டுவடக் காயமுற்றோரின் முதன்மை மரணக்காரணமாக இருந்த நிலை மாறியதில் இம்முறைக்குப் பெரும்பங்கு உண்டு. படுக்கையருகே கேட்கப்படும் "நடப்பாரா?" என்னும் வினாவுக்கு விடை ஏ நிலை என்றாகும்போது, உறவினர் அடுத்துக் கேட்டறிய வேண்டியவை இவையே. ஆனால் முதல் வினாவுக்கே தெளிவான விடை கிடைக்காத குடும்பம் அவற்றை வந்தடைவதில்லை. அது இன்னும் நடையையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

மறுபரிசோதனை

மேற்குறித்த ஐரோப்பியத் தரவுத்தொகுப்பில் ஒவ்வொருவரும் முதல் 15 நாட்களிலும், பின் 1, 3, 6, 12 மாதங்களிலும் பரிசோதிக்கப்படுகின்றனர். இங்கு வீடு திரும்பியவரை மூன்றாம் மாதத்தில் யார் பரிசோதிப்பது என்பது திறந்த வினாவாகவே உள்ளது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. இரும்புலியூரிலிருந்து அது ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆயினும் உட்கார்ந்து பயணிக்கப் பழகாத ஒருவரை மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுசெல்வதற்கு இருவர் ஒருநாள் கூலியை விட வேண்டும். விழுப்புரத்துக்கு அப்பால் சிற்றூரில் உள்ளவருக்கு நிலைமை இன்னும் கடினம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். முழங்காலை நீட்டச் சொல்லியும், பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லியும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவது அவர்தம் அன்றாடத் தொழிலின் ஒரு பகுதி. இரு தோற்பகுதிகளில் பஞ்சால் தொட்டுக் கேட்பதற்குச் சில நிமிடங்கள் போதும். மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாள் தாள் அவ்வீட்டில் இருக்குமாயின், அதன் அருகே மூன்றாம் மாத எண்களை அவர் எழுத இயலும். எண்கள் தாழ்ந்திருப்பின் உடனே மேல்மருத்துவமனைக்கு அனுப்பவும் இயலும். கடைக்கோடி நரம்புகளின் சோதனையை மட்டும் வீட்டில் செய்வது அரிது. அதற்காக ஒருமுறையேனும் நோயாளி மருத்துவமனைக்கு வரவேண்டியிருக்கும். அந்த ஒரு பயணத்துக்கான ஊர்திச் செலவை எத்திட்டத்தின்கீழ் ஏற்பது என்பது முடிவு செய்யப்பட வேண்டும்.